வீட்டுக்காரரின் இதயம்

மயிலாப்பூரில் அடையாறு செல்லும் பஸ்ஸில் ஏறினால் இந்நகரம் என்னைப் "பெரிசு" என்று அழைக்கிறது. "பெரிசு, படியில நிக்காத, உள்ள போய்க்கினே இரு" என்று நடத்துநர் சொல்வதில் பகைமை ஏதும் இல்லை என்பதை அறிந்துகொள்ள எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. யாழ்ப்பாணத்தில் என்னை எவரும் ஒருமையில் விளித்ததில்லை. விலங்கியல் விரிவுரையாளராகவும் பின்னர் துறைத்தலைவராகவும் இருந்த காலத்தில், வீதியில் என்னைக் காணும் மாணவர்கள் சைக்கிளை விட்டிறங்கி, என்னைக் கடந்த பின்னரே மீண்டும் ஏறுவார்கள். ஊரிலிருந்து இதை வாசிப்போருக்கு இது அற்ப விடயமாகத் தோன்றலாம். கனடாவிலும் இலண்டனிலும் இருப்போருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே உங்களை அந்நியர் என்று முகத்தைக் கண்டதுமே அறிந்துகொள்கிறார்கள். இங்கே நான் வாய் திறக்கும் வரை எவருக்கும் தெரிவதில்லை. இரண்டு வாக்கியம் பேசியதும் "சார் கேரளாவா?" என்கிறார்கள். இல்லை, யாழ்ப்பாணம் என்றதும் முகம் மாறுகிறது. தொண்ணூற்றொன்றில் இங்கே நடந்த அரசியல் கொலைக்குப் பின்னர் அந்த மாற்றம் இன்னும் விரைவாக நிகழ்கிறது.

ஓடும் விலங்கின் இதயமே என் ஆய்வுப்பொருள். மயக்கமூட்டிக் கிடத்திய மிருகத்தின் இதயத்தைப் பார்ப்பது எளிது. நாங்கள் படித்த பாடநூல்களில் இருந்தவை பெரும்பாலும் அத்தகைய இதயங்களே. அதே இதயம் ஓட்டத்தின்போது தன்னை எவ்வாறு மாற்றிக்கொள்கிறது, குடலுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்துக் கால்களுக்கு எவ்வாறு அனுப்புகிறது என்பதை அறிய வேண்டுமாயின் மிருகம் ஓட வேண்டும். அளப்பவன் அதைத் தடுக்கலாகாது. இதற்கென நானே ஒரு கருவி அமைத்தேன். நெஞ்சில் கட்டும் தோற்பட்டி, அதில் இரண்டு உலோகத் தகடுகள், கைக்கடக்கமான ஒரு டிரான்ஸ்மிட்டர்; தூரத்தில் ஏரியலுடன் ஒரு ரிசீவர். ஒவ்வொரு துடிப்புக்கும் ரிசீவர் ஒருமுறை ஒலிக்கும். கல்லூரி மைதானத்தில் ஆடுகள் ஓடின, அவற்றுடன் மாணவர்களும் ஓடினார்கள், நான் நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னர் ஒரு காலை ஆட்டுக்கொட்டிலில் ஷெல் விழுந்தது. ஓட்டத்தை ஆராய்வதற்காக வளர்த்த விலங்குகளைக் கயிற்றில் கட்டி வைத்திருந்தோம். அவற்றில் ஒன்றுகூட எஞ்சவில்லை. கருவி மட்டும் என் வீட்டு அலுமாரியில் இருந்தது. மனைவியின் சேலையில் சுற்றி அதை இக்கரைக்குக் கொண்டுவந்தோம்.

மயிலாப்பூரில் ஒரு மாடிப் போர்ஷன் கிடைத்தது. வீட்டுக்காரர் சேஷாத்திரி, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. "பேராசிரியர்ங்கறேள், சைவம்ங்கறேள், எனக்கு அது போறும்" என்று சொல்லி, வேறு பலர் கேட்ட கேள்விகளைக் கேளாமலே சாவியைத் தந்தவர். அந்த நன்றியை நான் இன்றும் மறக்கவில்லை. ஆனால் ஆய்வுக்கூடம் இல்லாத ஆய்வாளனை இந்நகரில் எவரும் பேராசிரியராக எண்ணுவதில்லை. என்னுடன் படித்த ஒருவர் அடையாற்றில் ஓர் ஆய்வுக்கூடத்தின் பொறுப்பில் இருந்தார். "ஓடும் விலங்கில் எடுத்த அளவீடுகளை இந்தக் கல்வியாண்டுக்குள் கொண்டு வாரும். உமக்கு ஒரு மேசையும் பதவியும் கேட்டுப் பெற்றுத் தருகிறேன்" என்றார். அறுபதைக் கடந்தவனுக்கு இப்படியொரு வாய்ப்பு மறுமுறை வராது.

இந்நகரில் ஓடும் விலங்கு எங்கே இருக்கிறது என்று தேடியபோது பெசன்ட் நகர் கடற்கரையில் சவாரிக் குதிரைகளைக் கண்டேன். தஸ்தகீர் என்பவர் ஒரு பழுப்புநிறக் குதிரை வைத்திருந்தார். நான் பட்டியை எடுத்ததும் பதறினார்.

"இன்னா நைனா, குதிரைக்கு நெஞ்சு வலியா? டாக்டரா நீ?"

"அதுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஓடேக்கை நெஞ்சு எப்படி அடிக்குதெண்டு பாக்கிறன்."

"வருத்தம் இல்லாம இன்னா? காலைலேந்து சவாரி இல்ல. அதுக்கும் வருத்தம், எனக்கும் வருத்தம்."

எங்கள் ஊரில் நோயைத்தான் வருத்தம் என்போம் என்று விளக்க முற்பட்டேன். அவர் அதற்குள் கடிவாளத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் குதிரை வைத்தியன் என்ற எண்ணம் கடைசி வரை அவரை விட்டு நீங்கவில்லை. எனினும் ஒவ்வொரு காலையும் சவாரிக்காரர் வருமுன் ஈரமணலில் குதிரையை விரட்டி ஓட்டினார். நான் ஏரியலை உயர்த்திப் பிடித்து, அது ஓடும் திசைக்கெல்லாம் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தேன். நின்றபோது சோம்பலாக ஒலித்த அந்தப் பெரிய இதயம், ஓடத் தொடங்கியதும் எண்ண முடியாத வேகம் கொண்டது. பல ஆண்டுகளுக்குப் பின்னர் நான் என் தொழிலில் இருந்தேன். பார்ப்போர் கண்ணுக்கு அது வேறுவிதமாகத் தெரிந்திருக்கும் என்பதை நான் எண்ணியிருக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக் கிழவன் ஒருவன் விடியற்காலையில் கடலை நோக்கி ஏரியல் பிடித்து நிற்கிறான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் சப் இன்ஸ்பெக்டர் ஒருவரும் கான்ஸ்டபிள் ஒருவரும் மாடியேறி வந்தார்கள். பின்னால் சேஷாத்திரி. "ப்ரொஃபஸர், தப்பா எடுத்துக்கப்டாது. தெருவுல நாலு பேர் பேசிண்டிருக்கா. கீழ பேரக் குழந்தேள் இருக்கு" என்றார். கருவி மேசைமேல்தான் இருந்தது. சப் இன்ஸ்பெக்டர் அதைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"வயரு, பேட்டரி, ஏரியல். இது டிரான்ஸ்மிட்டரா சார்?"

"ஓம், டிரான்ஸ்மிட்டர்தான்."

"ஐயோ, என்னப்பா சொல்லுறியள்?" என்றாள் என் மனைவி. ஒரு பொருளை அதன் பெயரால் சொல்வதே முப்பது ஆண்டுகள் நான் கற்பித்த ஒழுங்கு. காவலரைக் கண்டு அதை மாற்றிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

"எதை அனுப்பும்?"

"இதயத் துடிப்பை."

"யாருக்கு?"

"எனக்கு."

கான்ஸ்டபிள் சிரித்தார். சப் இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "கடலைப் பாத்து ஏரியல் காட்டினீங்கன்னு தகவல் வந்துக்கீது."

"குதிரை ஓடின பக்கம்தான் காட்டினனான்."

"குதிரைன்னு எழுதிக்கினு போனா எங்க ஐயா என்னிய ஓட வுடுவாரு சார். இப்பவே வேலை செஞ்சு காட்டுங்க."

அதற்கு ஓடக்கூடிய உயிர் ஒன்று வேண்டும் என்றேன். "இந்தாத்துல பசுகூடக் கிடையாதே" என்று சேஷாத்திரி உண்மையான கவலையுடன் சொன்னார். நான் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினேன்.

"சேட்டைக் கழட்டாதேங்கோ. எல்லாரும் பாக்கினம்" என்று மனைவி தாழ்ந்த குரலில் சொன்னாள். குதிரைக்காக நீட்டியிருந்த பட்டியை மடித்து என் நெஞ்சில் நானே இறுக்கிக்கொண்டேன். ரிசீவர் ஒலிக்கத் தொடங்கியது. ஓட வேண்டும் என்றார்கள். மாடிப்படியில் இறங்கினேன், ஏறினேன், மறுபடி இறங்கினேன். வாசலில் அயல்வீட்டார் கூடியிருந்தார்கள். வெற்றுமேனியுடன் ஒரு முதியவர் மூச்சிரைக்க ஓடுவதையும், அவர் ஓட ஓட மேலே ஒரு பெட்டி விரைந்து ஒலிப்பதையும் அவர்கள் கண்டார்கள். கருவி பிழையின்றி இயங்கியது. நான் நடத்திய செயல்விளக்கங்களுள் அவ்வளவு கவனமான சபை அதற்குமுன் எனக்கு வாய்த்ததில்லை.

"போதும் சார், நிறுத்துங்க" என்று சப் இன்ஸ்பெக்டர் என் தோளைப் பிடித்தார். "எங்க அப்பா வயசு உங்களுக்கு. இது ஹார்ட்டுதான், ஒத்துக்கிறேன். ஆனா இத எடுத்துக்கினு பீச் பக்கம் போவாதீங்க. வூட்டுக்குள்ளயே வச்சுக்குங்க. வேற ஆள் கையில மாட்டினா என்னால ஒண்ணும் பண்ண முடியாது." அவர் கருணையுடன்தான் சொன்னார்.

மறுத்துக் கடற்கரைக்குச் சென்றிருக்கலாம். அப்படிச் சென்றிருந்தால், பிடிபடும் நாளில் மனைவியுடன் தெருவில் நின்றிருப்பேன். மறுநாள் தெருமுனைத் தொலைபேசிக் கடையிலிருந்து அடையாற்று நண்பரை அழைத்து, குதிரைக்குச் சுகமில்லை, ஆய்வைத் தொடர இயலாது என்றேன். நடந்ததைச் சொல்ல என் மானம் இடம் தரவில்லை. "அதனாலென்ன, இளைஞர் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவருக்குக் கொடுத்துவிடுகிறேன்" என்றார் அவர். குரலில் ஏமாற்றம்கூட இல்லை.

அந்த வாரத்திலேயே ஒரு பிற்பகல், சாப்பாட்டுக்குப் பின், சேஷாத்திரி மேலே வந்தார். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று எண்ணினேன். அவர் நாற்காலியில் அமர்ந்து மேல்துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ப்ரொஃபஸர், நேக்கும் அத ஒருதரம் கட்டிப் பாருங்கோளேன். டாக்டர் ஒண்ணுமில்லேங்கறான். நேக்கென்னமோ நம்பிக்கையில்லே."

நான் மருத்துவன் அல்ல என்றேன். "குதிரைக்கே பாத்திருக்கேள்" என்றார். கட்டினேன். ரிசீவர் ஒலித்தது. அவர் அதை அண்ணாந்து கேட்டார்.

"ஒங்களோடது அன்னிக்கு என்ன ஓட்டம் ஓடித்து! இது இப்படி அசமந்தமா அடிக்கறதே. நல்லதா, கெட்டதா?"

"நல்லதுதான்."

"அப்ப இருக்கட்டும். கீழ போய்ச் செத்த நாழி படுத்துக்கறேன். தூங்கறச்சே எப்படி அடிக்கறதுன்னும் பாத்துச் சொல்லுங்கோ."

பட்டியுடன் அவர் படியிறங்கினார். ரிசீவர் என் கையில் இருந்தது. படிகளில் அவருடைய இதயம் சற்றே விரைந்தது, கூடத்தில் தணிந்தது. பேரக் குழந்தையை ஏதோ அதட்டினார். அதற்கும் ஒரு சிறு அசைவு. பின்னர் படுத்துவிட்டார் போலும். துடிப்புகளுக்கிடையே இடைவெளி நீண்டது. தான் பிறந்த வீட்டின் தரையில், எவர் வந்து கதவைத் தட்டினாலும் எழ வேண்டிய அவசரமில்லாத ஒருவரின் இதயம். ஓடும் இதயங்களையே வாழ்நாள் முழுதும் கேட்டுப் பழகிய எனக்கு அந்த ஒலி புதிதாக இருந்தது. மனைவி சமையலறையிலிருந்து வந்து கதவருகே நின்றாள்.

"ஆற்றை நெஞ்சு?"

"வீட்டுக்காரற்றை."

"நல்லா இருக்கோ?"

"நல்லா இருக்கு."

"சத்தத்தைக் குறையுங்கோ. அவர் எழும்பப் போறார்."

குறைத்தேன். எங்கள் பாதங்களுக்குக் கீழே அவர் உறங்கிக்கொண்டிருந்தார். காலடி ஓசை கீழே கேட்டுவிடக் கூடாது என்பதற்காக நாங்கள் இருவரும் நின்ற இடத்திலேயே நின்றோம்.