அவளுக்காகக் குளிரவைத்த மாடி

ஆண்டர்சன்பேட்டைக் கடைவீதியில் நான் மேற்பார்வை பார்க்கும் கட்டடத்துக்கு மேற்குப் பக்கம் முழுக்க நீலக் கண்ணாடி. பெங்களூரில் எதையோ பார்த்துவிட்டு வந்த முதலாளி, தன் கட்டடமும் அப்படி மினுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு மாட்டியது. கீழே துணிக்கடை, முதல் மாடியில் பல் டாக்டர், இரண்டாவதில் ஒரு கோச்சிங் சென்டர். மூன்றாவது மாடி மட்டும் சும்மா கிடந்தது. மத்தியானத்துக்கு மேல் அங்கே கால் வைத்தால் இட்லிப் பானைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். வாடகைக்கு வந்தவர்கள் யாரும் ஒரு கோடைக்கு மேல் தாங்கவில்லை. நான் மட்டும் போய் ஜன்னலோரம் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிட்டுவிட்டு வருவேன். பேச்சுத் துணைக்கு அங்கேயும் ஆள் கிடையாது, வீட்டிலும் கிடையாது. வெந்துகொண்டே சாப்பிட்டால் என்ன.

வீட்டில் ஆள் இல்லை என்றால் மனைவி இல்லாதவன் என்று நினைத்துவிட வேண்டாம். இருக்கிறாள். பெங்களூரில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. விடிவதற்குள் சாம்பியன் ஸ்டேஷனில் ரயில் ஏறினால், திரும்பி வரும்போது நான் பாதித் தூக்கத்தில் இருப்பேன். இந்த ஊரில் பாதி வீடுகளில் இதே கதைதான். தங்கச் சுரங்கம் மூடின பிறகு ரயில்தான் எங்கள் ஊருக்கு ஷிப்ட் வைக்கிறது. மகள் இருந்தவரைக்கும் தெரியவில்லை. அவளை ஓசூரில் கட்டிக்கொடுத்த பிறகு, சாயங்காலம் பூட்டைத் திறந்து உள்ளே போய் நானேதான் விளக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும். மூடிவைத்த சோறு, மூடிவைத்த குழம்பு. டி.வி.யில் யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருப்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவேன். அந்த ரயிலை நான் மனதாரத் திட்டியிருக்கிறேன். என் பெண்டாட்டியைப் பறித்துக்கொண்ட சனியன் என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவிக்கொண்டே அவள் சொன்னாள். "எங்க கம்பெனியில புதுசா ஒண்ணு ஆரம்பிக்கிறாங்க. கோலாரு, பங்காருபேட்டை, இங்கேருந்தெல்லாம் வர்றவங்களுக்கு இந்தப் பக்கமே சின்னதா ஒரு ஆபீஸ் போட்டுத் தர்றாங்களாம். ஆனா எந்தக் கட்டடமும் ஒத்துவரலையாம்."

"ஏன், இன்னாவாம்?"

"கரண்டு கம்மியா இழுக்கணுமாம். மழைத் தண்ணியப் புடிக்கணுமாம். பகல்ல லைட்டு போடாம வேலை செய்யணுமாம். நம்ம ஊர்ல எங்க கீது அதெல்லாம்?"

அவள் அப்படியே மீனுக்குத் திரும்பிவிட்டாள். எனக்குத்தான் உடம்பெல்லாம் பரபரவென்றிருந்தது. மறுநாள் காலையில் முதலாளி பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவர் வீட்டு வாசலில் நின்றேன்.

"ஏமய்யா, கட்டடம் இடிஞ்சிடுச்சா?" என்றார். அவர் தெலுங்குக்காரர். அவசரத்தில் தெலுங்கு வரும், கோபத்தில் தமிழ் வரும். நான் சொல்லி முடித்ததும் தமிழ் வந்தது. "என் கண்ணாடி மேல கைய வச்ச, கைய ஒடச்சுடுவேன்!"

கண்ணாடியைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். சொன்னபடி தொடவும் இல்லை. அதற்கு வெளியே ஒரு முழம் தள்ளி இரும்புச் சட்டம் நிறுத்தி, சாய்வாக அலுமினியப் பட்டைகளை அடுக்கினோம். வெயிலை உள்ளே விட்டுவிட்டு அப்புறம் ஏசி வைத்து அதைத் துரத்துவதைப் போல முட்டாள்தனம் வேறில்லை. வெளியிலேயே நிறுத்திவிட வேண்டும். முதலாளி கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "என் கட்டடத்துக்குப் பல்லு கட்டி விட்டுட்டியே பாவி" என்று புலம்பினார். பல் டாக்டர் சிரித்ததைப் பார்த்ததும் இன்னும் கோபம். ஆனால் அன்று மத்தியானம் மேலே ஏறி வந்தவர், நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வியர்க்கிறதா என்று கழுத்தைத் தடவிப் பார்த்தார். அதற்குப் பிறகு நான் கேட்டதற்கெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே சரி என்றார்.

கேட்டது கொஞ்சமா? மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு. அதன்மேல் சோலார் பலகைகள். மழைத் தண்ணீர் மணலும் கரியும் போட்ட தொட்டி வழியாக இறங்கிக் கீழே நிலத்தடித் தொட்டிக்குப் போக வேண்டும். கை கழுவின தண்ணீர் கக்கூஸுக்குப் போக வேண்டும். தண்ணீர் லாரிக்காரன் இதைக் கேள்விப்பட்டதிலிருந்து என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். மாடிப்படிக்கூண்டின் உச்சியில் சுவரை உடைத்து, மழை புகாத திறப்பு ஒன்று வைத்தேன். சூடான காற்று மேலேறி அதன் வழியாகப் போய்விட்டால், கீழிருந்து குளிர்ந்த காற்று தானாக ஏறி வரும். சுரங்கத்தின் ஒரு ஷாஃப்டில் காற்று இறங்கும், இன்னொரு ஷாஃப்டில் ஏறும் என்று கேட்டே வளர்ந்த ஊர் எங்களுடையது. கொத்தனாருக்குக்கூட நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கம்பெனியிலிருந்து கட்டடம் பார்க்க ஒரு பெண் வந்தாள். கையில் வெளிச்சம் அளக்கும் கருவி, சூடு அளக்கும் கருவி, எந்நேரமும் சிரிக்காத முகம். இரண்டு பக்கமும் ஜன்னல் திறக்க வேண்டும் என்றாள். திறந்தேன். ஆடிக் காற்று அடித்த மறுநாள் மேஜைகள் எல்லாம் சாம்பல் பூசிக்கொண்டு நின்றன. சைனைட் மேட்டுத் தூசி. சுரங்கம் அரைத்துக் கொட்டின மண் மலையாகக் கிடக்கிற ஊரில் காற்றுக்காக ஜன்னலைத் திறந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். அவசரம் கண்ணை மறைத்துவிட்டது. அப்புறம் மேட்டைப் பார்த்த ஜன்னல்களுக்கு மட்டும் கழற்றித் துவைக்கிற மாதிரி துணி வடிகட்டிச் சட்டங்கள் அடித்தேன். ஞாயிறு மத்தியானங்களில்கூட நான் மேலே இருந்தேன். அவள் வீட்டில் இருக்கும் ஒரே நாள் அது. "இன்னாங்க, ஞாயித்துக்கெழமகூட அங்கியே கெடக்கிறீங்க" என்பாள். "வேலை கீது" என்பேன். சொன்னால் பலிக்காமல் போய்விடுமோ என்று பயம். கட்டடம் தேறட்டும், அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லலாம் என்று இருந்தேன்.

கடைசியாக ஆள் இருக்கும் பக்கத்தில் மட்டும் ஓடுகிற ஏசியும், ஆள் அசைந்தால் எரிகிற விளக்கும் வந்தன. சிரிக்காத பெண் மறுபடி வந்தாள். ஒரு பகல் முழுக்க அளந்தாள். போகும்போது, "சார், இவ்வளவு பழைய கட்டடத்துல நான் இதை எதிர்பார்க்கல" என்று சிரித்தாள். அவளுக்குப் பல் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் மொட்டைமாடிக்குப் போய், யாரும் இல்லாத இடத்தில் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அன்று மனைவி வரும்வரை தூங்காமல் உட்கார்ந்திருந்தேன். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். "இனிமே உனக்கு ட்ரெயின் கெடையாது. உங்க கம்பெனி எங்க கட்டடத்தை எடுத்துகினாங்க. நான் இருக்கிற எடத்துலயே உனக்கு வேலை."

அவள் கையில் சாப்பாட்டுப் பை. அதைக் கீழே வைக்கவும் இல்லை. "அப்படியா" என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு, "எப்பத்திலேருந்து?" என்றாள். சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். மனுஷன் தனக்கு வேண்டியபடிதானே எடுத்துக்கொள்வான்!

அவள் வந்தாள். வெயில் படாத, வெளிச்சம் விழுகிற நல்ல இடமாகப் பார்த்து அவளுக்கு ஒதுக்கச் சொன்னேன். காலையில் விடிந்த பிறகு எழுந்து, இரண்டு பேரும் ஒன்றாக இட்லி சாப்பிட்டு, ஒன்றாகக் கடைவீதியில் நடந்து போனோம். துணிக்கடைக்காரர், "இன்னா அண்ணே, புது மாப்பிள்ளையாட்டம் வர்றீங்க" என்று கிண்டல் செய்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மாடியில் சத்தமே கிடையாது. எல்லோரும் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்திருப்பார்கள். அவள் கணக்கில் மூழ்கி அசையாமல் இருந்தால் தலைக்கு மேல் விளக்கு அணைந்துவிடும். கையைத் தூக்கி ஆட்டுவாள், எரியும். ஒருநாள் கதவருகில் நின்று பார்த்தேன். விளக்கு அணைந்தது. அவள் கையை ஆட்டவில்லை. அந்த மங்கலிலேயே உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெஷினில் கோளாறு போல என்று நான் போய் சென்சாரைக் கழற்றித் துடைத்தேன்.

வீட்டிலும் அப்படித்தான் ஆயிற்று. சாயங்காலம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்காருவோம். பேச எனக்கு ஆசை. எதைப் பேசுவது? அவளுடைய பகலில் யார் யார் வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. என் பகலில் யாருமே இல்லை. மகள் போன் செய்தாளா என்று கேட்பேன். செய்தாள் என்பாள். டி.வி.யைப் போடுவேன். தனியாக இருந்தபோது இல்லாத தனிமை அது. முன்பாவது யாரோ வருவார்கள் என்று இருந்தது.

ஆனால் சாயங்காலம் பெங்களூரிலிருந்து ரயில் கிளம்பும் நேரம் வந்தால் மட்டும் அவள் போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவாள். துவைக்கிற கல்மேல் போனைச் சாய்த்து வைத்து உட்காருவாள். வீடியோ காலில் அவள் போய்வந்த லேடீஸ் பெட்டியே தெரியும். "அக்கா, ஒயிட்ஃபீல்டு தாண்டியாச்சு!" என்று ஒருத்தி கத்துவாள். இன்னொருத்தி அவரைக்காய் உரித்துக்கொண்டே மாமியாரைப் பற்றிப் புகார் சொல்வாள். ஒரு கன்னடத்துப் பெண் "அக்கா, ஊட்டா ஆய்தா?" என்று சாப்பாட்டை விசாரிப்பாள். யாருக்கோ ரயிலிலேயே வளைகாப்பு வைக்கப் போகிறார்களாம், வளையல் அடுக்க யார் என்று சண்டை. என் மனைவி சிரிப்பாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பாள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று நான் அதைக் கேட்டேன். அந்தச் சிரிப்பு இருப்பதே எனக்குத் தெரியாது. ஐயோ, இத்தனை வருஷம் அவளோடு குடித்தனம் செய்திருக்கிறேனே என்று இருந்தது.

சில வாரம் பொறுத்து அவளே பேச்சை எடுத்தாள். சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"கோச்சிக்க மாட்டீங்களே. நான் பழையபடி ட்ரெயின்லயே போய்க்கிறேங்க."

"இன்னா?" எனக்குக் குரல் ஏறிவிட்டது. "பைத்தியமா புடிச்சிருக்கு? நின்னுகினே போயி நின்னுகினே வர்றதுக்கா? காலு வீங்கி வருவியே, அதுக்கா?"

"வீங்குது. இல்லேன்னு சொல்லல."

"அங்க இன்னா கொறச்சல்? சூடா கீதா? வெளிச்சம் பத்தலையா? சொல்லு, மாத்தித் தர்றேன்!"

"எல்லாம் நல்லாத்தான் கீது. ஒரு கொறையும் இல்ல." அவள் என் தட்டில் ரசம் ஊற்றினாள். "அது அத்தனையும் நீங்க எனக்காகத்தான் பண்ணீங்க, அதும் தெரியும். ஊரே சொல்லுது. ஆனா ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரிந்துவிட்டது. பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். கோபம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். கையைக் கழுவிவிட்டு வெளியே போய் நின்றேன். எதிர்வீட்டுக்காரர் என்ன, காற்று வாங்குகிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அடுத்த திங்கள்கிழமை அவள் பழையபடி இருட்டோடு எழுந்தாள். பாத்திரம் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டாள். நான் முழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். கதவைச் சாத்தும்போது அவள் ஏதோ பாட்டை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு போனாள்.

அவள் இடத்துக்கு பங்காருபேட்டையிலிருந்து ஒரு பையன் வந்தான். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். வரிசையில் அடுத்த பெயர் அவனுடையதாம். ஏசியைப் பார்க்க நான் மேலே போனபோது நாற்காலியை விட்டு எழுந்துகொண்டான்.

"சார், நீங்கதானே அந்த அம்மாவோட வீட்டுக்காரர்? வீட்ல கைக்குழந்தை சார். நான் கெளம்பும்போதும் தூங்கும், வரும்போதும் தூங்கும். என் முகமே அதுக்குத் தெரியாது. என் கஷ்டத்தைப் பார்த்துட்டு உங்க வீட்டம்மா தன்னோட எடத்தையே எனக்கு விட்டுக்கொடுத்துட்டாங்க. எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொன்னாங்க. இந்தக் காலத்துல யாரு சார் செய்வாங்க? நீங்க குடுத்து வச்சவங்க."

அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஊருக்கு அவள் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறாள். எனக்குத் தலைகுனிவு வராமல் இருக்க.

"ஆமாம்பா" என்றேன். "அவ அப்படித்தான்."

குளிர் கொஞ்சம் அதிகமாக இருக்கிறது சார் என்றான். அவன் பக்கத்து ஏசியில் ஒரு டிகிரி ஏற்றிவிட்டு, படியிறங்கிக் கீழே வந்தேன்.