கலாவின் கையாக இருந்தேன்

செய்தி வந்தபோது கூட்டரசு நெடுஞ்சாலையில், ஷா ஆலம் பக்கம், காலை நெரிசலில் நின்றுகொண்டிருந்தேன். கலாவின் மகள் தாரணி அழைத்தாள். "ஃபரிதா ஆன்டி, அம்மா போயிட்டாங்க." முன்னால் நின்ற கார்கள் நகர்ந்துவிட்டன. பின்னாலிருந்த லோரிக்காரர் ஹார்ன் அடித்தார். கண்ணாடியை இறக்கி அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பாவம், அவருக்கு என்ன தெரியும்? அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

உங்களில் பலருக்கு அவள் பிரிக்ஃபீல்ட்ஸில் பார்க்கின்சன் நோயாளிகள் கூட்டத்தில் உட்கார்ந்தபடி பேசும் டாக்டர் கலா. எனக்கு அவள் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பக்கத்து நாற்காலி. மூளையில் நம் அசைவுகளைக் கவனிக்கும் நரம்பணுக்கள் இந்த நோயில் ஏன் சாகின்றன என்பதுதான் எங்கள் வேலை. ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்ற சின்ன மின்நிலையங்கள் இருக்கின்றன. அவை லேசாகத் திணறினால் அணு உஷாராகித் தன்னைக் காத்துக்கொள்ளப் பழகுகிறது. அதிகம் திணறினால் செத்துவிடுகிறது. எவ்வளவு திணறல் காக்கும், எவ்வளவு கொல்லும்? இதைத்தான் நாங்கள் இருவரும் வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நோய் அவளுக்கே வந்தது.

முதலில் அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் அணுக்களை வளர்க்கும் தட்டில் மருந்து ஊற்றும்போது கை அப்படியே உறைந்து நின்றது. ஊற்றியாயிற்றா இல்லையா என்று தெரியாமல் மறுபடியும் ஊற்றிவிட்டாள். மறுநாள் அந்தத் தட்டில் ஓர் அணுகூட உயிரோடு இல்லை. துறைத் தலைவர் அவளை மேசை வேலைக்கு மாறச் சொன்னார். நான் அவர் அறையில் நின்றே கத்தினேன். கலா என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். "கத்தாத டீ. ஒனக்குக் கை இருக்குல்ல? கை ஒன்னுது, திமிரு என்னுது. போதும் லா."

அன்றிலிருந்து அப்படித்தான் நடந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வாள், நான் ஊற்றுவேன். "மெதுவா, மெதுவா! பாசார்ல மீன் கழுவுறியா?" என்பாள். அவளிடம் நான் வாங்கிய திட்டுக்கு அளவே இல்லை. பிறகு, முறையான அனுமதியோடு, அவளுடைய தோலில் கொஞ்சம் எடுத்து அந்த அணுக்களை நரம்பணுக்களாக மாற்றினோம். நாங்கள் சோதித்தது கலாவையேதான். இவளைக் காப்பாற்றிவிடுவோம் என்று நான் மனதார நம்பினேன். என்னைப் பைத்தியம் என்றாலும் சரி.

அந்த நம்பிக்கை பிரிக்ஃபீல்ட்ஸ் கூட்டத்தில் உடைந்தது. அன்று லேசான திணறல் அணுவுக்கு நல்லது என்று கலா விளக்கிக்கொண்டிருந்தாள். சுங்கை வே தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அங்கிள் எழுந்தார். "அதான் டாக்டர், ரெண்டு வாரமா நான் மாத்திரைய நிறுத்திட்டேன். செல்லு கொஞ்சம் கஷ்டப்படட்டும்னு." கூட்டம் சிரித்தது. அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. கலாவுக்கு முகமே மாறிவிட்டது. "அங்கிள், நான் சொன்னது தட்டுல இருக்குற செல்ல லா! நாளைக்கே ஒங்க டாக்டரப் போய்ப் பாருங்க. இல்லன்னா நானே வீட்டுக்கு வந்து இழுத்துட்டுப் போவேன்." அவர் தலை குனிந்து, "அப்ப இதுக்கு மருந்து எப்ப வரும்மா?" என்று கேட்டார். கலா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "நம்ம காலத்துல வராது அங்கிள். ஒங்களுக்கும் வராது, எனக்கும் வராது" என்றாள்.

திரும்பும் வழியில் காரை ஓரம் கட்டிவிட்டுக் கேட்டேன். "தெரிஞ்சேதான் செய்றியா? அப்ப எதுக்கு டீ இத்தன பாடு?"

"என் தலைக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியாமயே சாகச் சொல்றியா?" என்றாள். பசிக்கிறது, தோசை வாங்கிக் கொடு என்றாள். வாங்கிக் கொடுத்தேன். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

ஒருநாள், முன்கூட்டியே லேசாகத் திணறவைத்த தட்டில், பெரிய திணறலுக்குப் பிறகும் நிறைய அணுக்கள் பிழைத்திருந்ததை அவள் பார்த்தாள். நுண்ணோக்கியில் கண் நிற்கவில்லை, தலை ஆடியது. இரண்டு கைகளாலும் அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன். "பரவால்லையே, எனக்கு இல்லாத பொறுமை இதுங்களுக்கு இருக்கு" என்றாள். ஒரு தட்டை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது, திரும்பத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும் என்பதும் அவள் சொன்னதுதான்.

அதற்குள் நோய் தொண்டைக்கு வந்துவிட்டது. கிள்ளான் மருத்துவமனையில் நான் கரண்டியில் கொடுத்த கஞ்சி உள்ளே போகாமல் வாயோரம் வழிந்தது. உள்ளே போன கொஞ்சமும் நுரையீரலுக்குள் போய்ச் சளியாகி, காய்ச்சலாகி, அவளைக் கொண்டுபோய்விட்டது. என் கலா சோறு தண்ணி இறங்காமல் போனாள். இதை எழுதும்போதும் நெஞ்சு எரிகிறது.

தகனத்துக்கு மறுநாள் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். கூட வேலை செய்பவர்கள், "இன்னிக்காச்சும் வீட்ல இரேன்" என்றார்கள். எப்படி இருப்பது? தட்டில் இருப்பவற்றுக்கு உணவுத் திரவம் மாற்றாவிட்டால் செத்துவிடும். அவற்றுக்குத் துக்கமும் தெரியாது, பண்டிகையும் தெரியாது. தீபாவளியன்று அவளுக்காக நான் வருவேன், நோன்புப் பெருநாளன்று எனக்காக அவள் வருவாள். எங்கள் வழக்கம் அது.

தாரணி கூடவே வந்திருந்தாள். நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தாள். "இது அம்மாவா ஆன்டி?"

"இல்லம்மா" என்றேன். அப்புறம் என்னால் முடியவில்லை. அன்றுதான் அழுதேன்.

வரும் பெருநாளுக்கு எனக்குப் பதிலாக வர ஆளில்லை. தொழுகை முடிந்ததும் நானே வருவேன். கலாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தத் தட்டுகள்தான். ஊட்டினால் அவை குடிக்கின்றன.