ரெண்டு நாள் அடங்கின சத்தம்

மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் நடுவுல, நாவுல டவுன்ல இருக்கிற இந்த டயர் கடைக்கு நான் வந்து இருபத்திரெண்டு வருஷம். பில் எழுத வந்தவ. அலைன்மென்ட் மெஷின் பாத்த ஆள் வேலையை விட்டுப் போன அன்னைக்கு, உனக்குக் கம்ப்யூட்டர் தெரியும்தானேன்னு முதலாளி என்னைய அதுக்கு முன்னால நிறுத்தினாரு. அப்ப இருந்து எந்தக் காருக்கு எந்த ரிம், எந்த டயர், எந்த ஷொக் அப்சோபர்னு சொல்றது நான்தான். புதுசா சேர்ந்தவங்க, எலக்ட்ரிக் கார் வந்தா மட்டும் ஏன் அக்கா நட்டைக் கையில வச்சு இவ்வளவு நேரம் உருட்டுறீங்கன்னு கேக்குறாங்க. அதுக்குத்தான் இத எழுதுறேன். என்னைய நல்லவளா காட்ட இதுல ஒண்ணுமில்ல. அத முதல்லயே சொல்லிடுறேன்.

1. சரியாப் பாத்ததெல்லாம்

சேர் நீர்ப்பாசனத்துல எஞ்சினியரா இருந்து ரிட்டயர் ஆனவரு. சொந்த ஊர் யாழ்ப்பாணம். வேலைக்கு வந்த இடத்துலயே வீட்டக் கட்டிக்கிட்டு இருந்துட்டாரு. மனைவி இறந்து மூணு வருஷம். ஒரே மகள், வெளிநாட்டுல. பேரு வேணாம், கடையில கூப்பிடுற மாதிரி சேர்னே எழுதுறேன்.

அவரோட எலக்ட்ரிக் கார் கம்பனியில இருந்து பதினெட்டு இஞ்சி ரிம்மோட வந்தது. டயரோட பக்கச் சுவர் ரெண்டு விரல்கட்டை உயரம் இருந்தா பெரிசு. அவரு வீட்டுக்குப் போறது கிறவல் ரோட்டு, முழுக்கக் குழி. ஒரு டயர் பக்கவாட்டுல வீங்கினதும் கொண்டு வந்தாரு. எங்கட ரோட்டுக்கும் இந்த ரயருக்கும் ஒத்து வராது பிள்ளை எண்டாரு.

முதலாளிக்கு ஒரு கறுப்பு பத்தொன்பது இஞ்சி செட் விக்காமக் கிடந்துச்சு. அதைத் தள்ளிவிடப் பாத்தாரு. நான் விடல. பதினேழுக்கு இறக்குவோம், பக்கச் சுவரை உயர்த்துவோம்னு சொன்னேன். மொத்த உயரம் மாறக் கூடாது, மாறினா மீட்டர் பொய் சொல்லும். பெட்டரி முழுக்கத் தரையில படுத்திருக்கிற கார், பாக்கச் சின்னது, பாரம் பெரிசு. அதனால லோட் இண்டெக்ஸ், அதாவது டயர் தாங்குற பாரம், பழசை விடக் குறையக் கூடாதுன்னு கூடப் பாரம் தாங்குற எக்ஸ்எல் டயர்தான் எடுத்தேன். சார்ஜ் சீக்கிரம் இறங்காம லேசா உருள்ற வகையாப் பாத்தேன். சக்கரம் வெளியவோ உள்ளவோ தள்ளி நிக்காம ஒஃப்செட் பாத்தேன். பிரேக் கலிப்பருக்கும் ரிம்முக்கும் நடுவுல இடம் இருக்கான்னு விரலை விட்டுப் பாத்தேன். அன்னைக்கு எனக்குக் கொஞ்சம் தலைக்கனமாவே இருந்துச்சு.

நட்டைப் பாக்கல. பழைய நட்டையே போட்டுப் பூட்டச் சொன்னேன்.

2. சத்தம்

நாலாம் நாள் சேர் வந்துட்டாரு. கார் வெளிக்கிடேக்க ஒருக்கா டொக்குன்னு கேக்குது, பெடல்ல இருந்து காலை எடுக்கேக்க இன்னொருக்கா கேக்குதுன்னாரு. ஜாக் அடிச்சு, சக்கரத்தக் கழட்டி, அடிப்பக்கம் பாத்தோம். ஸ்டெபிலைசர் லிங்க் ஒண்ணு லேசா ஆடின மாதிரி இருந்துச்சு. மாத்தி, பூட்டி, தம்புள்ளைப் பக்கமா ஒரு ரவுண்ட் போய்ப் பாத்தோம். ஒரு சத்தமும் இல்ல. சேர் சந்தோஷமாப் போனாரு.

ரெண்டு நாள் அடங்கி இருந்துச்சாம். பிறகு திரும்ப வந்தாரு. அடியில இருக்கிற ரப்பர் புஷ் மாத்தினோம். அதுவும் ரெண்டு நாள்தான். மூணாந்தடவை முதலாளி ஷொக் அப்சோபர் செட்டையே மாத்துவோம்னாரு. கையில இருந்தது அதே காரோட பெட்ரோல் மொடலுக்கு உள்ளது. பெட்டரி பாரம் இல்லாத காருக்குச் செஞ்சது இதைத் தாங்காதுன்னு சொல்லி நான் நிறுத்தினேன். அதுலயும் எனக்கு ஒரு பெருமை. சக்கரங்களக் கழட்டி பிரேக் பேட் பாத்துட்டு, ஒண்ணுமில்லன்னு பூட்டி அனுப்பினோம். ரெண்டு நாள்.

டயர் கழட்டுற சுனில் சிங்களத்துல ஒண்ணு சொன்னான். கார்ல சத்தம் இருக்கிறது வியாதி இல்ல, வீட்டுல சத்தம் இல்லாததுதான் வியாதி, இங்க வந்து பேசிட்டுப் போனா அவருக்கு ரெண்டு நாளைக்கு நல்லா இருக்கும்னான். எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன்.

இனி சொல்றதுதான் எழுதக் கஷ்டமானது. நான் பிறந்தது ரத்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல. அம்மா போன பிறகு தோட்டத்து லய வீட்டுல எங்களுக்குன்னு யாருமில்ல. தம்பி அரபு நாட்டுல. நான் கடைக்குப் பின்னால ஒரு அறையில வாடகைக்கு இருக்கேன். காலையில இருந்து கடை பூட்டுற வரைக்கும் சிங்களந்தான், எனக்கு அது தண்ணி பட்ட பாடு. ஆனா அறைக்குப் போய்ச் சோத்த ஆக்கிட்டு உக்காந்தா, இன்னைக்கு ஒரு வார்த்தை தமிழ் பேசலையேன்னு இருக்கும். சேர் வந்தா வேலை முடியிற வரைக்கும் என் மேசைக்குப் பக்கத்துல கதிரையப் போட்டு உக்காருவாரு. குளம் கட்டின கதை சொல்லுவாரு. மனைவி வச்ச கறிவேப்பிலை மரம் வீட்டு ஓட்டுக்கு மேல போயிட்டுது எண்டுவாரு. அவரோட தமிழ் வேற, என் தமிழ் வேற, ஆனாலும் தமிழ்தானே. நான் பிளேன்டீ ஊத்திக் குடுப்பேன்.

சத்தம் தீரக் கூடாதுன்னு நீ நெனச்சியான்னு யாராவது கேட்டா, இல்லன்னு சத்தியம் பண்ண மாட்டேன்.

3. நாலந்தா வளைவு

நாலாவது தடவை வந்தது ஒரு வியாழக்கிழமை காலையில. மறுநாள் மகளும் ரெண்டு பேரப்பிள்ளைங்களும் வாறாங்க, கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு இதே கார்லதான் போகப் போறாரு. பிள்ளையளை ஏத்துற வாகனம், ஒருக்காப் பாத்து விடுங்கோ எண்டாரு. அன்னைக்குக் கடை நிறையக் கார். முதலாளி தூரத்துல இருந்தே, அனுப்பி விடுன்னு எனக்குக் கண்ணைக் காட்டினாரு.

"சேர், மூணு தடவை பாத்தாச்சு. கார்ல ஒண்ணுமில்ல. தனியா இருக்கிறதால உங்களுக்கு அப்படித் தோணுது."

என் வாயால இதச் சொன்னேன். அவரு மேசையில வச்ச கார்ச் சாவியத் திரும்ப எடுத்தாரு.

"தனிய இருக்கிற ஆளுக்குக் காது நல்லாக் கேக்கும், பிள்ளை."

கதிரையில உக்காரல. தேத்தண்ணி வேணாம்னுட்டு கார்ல ஏறிட்டாரு. எனக்கு மூஞ்சில அறைஞ்ச மாதிரி ஆச்சு. தனிமை என்னன்னு எனக்குத் தெரியாதா, நான் போய் அத அந்த மனுசனுக்குச் சொல்லிக் காட்டிட்டேனேன்னு வெக்கம். ஓடிப் போய் கார மறிச்சு, சேர் நானும் வாறேன், இந்தத் தடவை சக்கரத்த யாரும் தொட வேணாம், இப்படியே ஓட்டுங்கன்னு சொல்லி பக்கத்துல ஏறினேன்.

மாத்தளை ரோட்டுல போனோம். ஏசிய நிறுத்தினோம், கண்ணாடிய ஏத்தினோம். பெட்ரோல் காரா இருந்தா எஞ்சின் சத்தத்துல எல்லாம் அமுங்கிப் போகும். இதுல மூச்சு விடுறது கூடக் கேக்குது. நாலந்தாவுக்குக் கிட்ட ஒரு வளைவுல சேர் பெடல்ல இருந்து காலை எடுத்தாரு. டொக். என் பாதத்துக்கே தெரிஞ்சுது.

ஓரமா நிறுத்தச் சொன்னேன். இடது முன் சக்கரத்துக்கிட்ட குந்தி நட்டைத் தொட்டேன். விரலுக்கே சுத்துது. அஞ்சுல மூணு அப்படி. தம்புள்ளையில இருந்து மரக்கறி ஏத்தின லொறிங்க உரசிக்கிட்டுப் போகுது, நான் அப்படியே ரோட்டோரமா மண்ணுல உக்காந்துட்டேன்.

விஷயம் இதுதான். அந்தக் கம்பனி ரிம்முல நட்டு உக்கார்ற பள்ளம் உருண்டை, அதோட நட்டும் உருண்டை. நாங்க போட்ட அலாய் ரிம்முல பள்ளம் கூம்பு. உருண்டை நட்டு கூம்புப் பள்ளத்துல முழுசா உக்காராது, மெல்லிசா ஒரு கோட்டுல மட்டும் தொடும். முறுக்கும்போது இறுகினது மாதிரிதான் தெரியும். எலக்ட்ரிக் கார்ல பெடல மிதிச்சா மோட்டர் முன்னால இழுக்கும், காலை எடுத்தா அதே மோட்டர் பின்னால பிடிக்கும். நாள் பூரா இப்படி இழுபட்டு நட்டு தளரும். நாங்க சத்தத்தைத் தேடுறோம்னு ஒவ்வொரு தடவையும் சக்கரத்தக் கழட்டித் திரும்ப இறுக்கினோம். ரெண்டு நாள் அடங்கினது அதாலதான். என் பிளேன்டீயால இல்ல.

"சேர், தப்பு என்னோடது. நீங்க சத்தத்தச் சரியாத்தான் சொன்னீங்க, நான்தான் கேக்கல."

அவரு ஏசுவாருன்னு பாத்தேன். ஏசல. சக்கரத்தையே பாத்துக்கிட்டு நின்னாரு.

"நாளைக்குப் பின்னுக்குப் பிள்ளையள் இருந்திருப்பினம்."

அவ்வளவுதான் சொன்னாரு. ஏசியிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும்.

கடைக்குப் போன் பண்ணினேன், சுனில் மோட்டர் சைக்கிள்ல கூம்பு நட்டும், அளவா இறுகினதும் டிக்குன்னு சொல்ற டோர்க் ஸ்பேனரும் கொண்டு வந்தான். அவனும் சிரிக்கல. மெதுவாக் கடைக்கு ஓட்டி வந்து, ஓட்டை தேஞ்ச அந்த ரிம்ம மாத்தி, நாலு சக்கரத்துக்கும் நடு ஓட்டையில ஆடாம இருக்க ஹப் ரிங் போட்டு, இருபது நட்டையும் புதுசாப் பூட்டினோம். முதலாளி எல்லாருக்கும் முன்னால என்னைய வாங்கு வாங்குன்னு வாங்கினாரு. நியாயந்தான்.

4. நூறு கிலோமீட்டர்

புது ரிம் போட்டா நூறு கிலோமீட்டர் ஓடின பிறகு வந்து நட்டைத் திரும்ப இறுக்கிக்கிட்டுப் போகணும். இது பாலர் பாடம். முதல் தடவை அதையும் சொல்ல மறந்தவ நான். இந்தத் தடவை சொன்னேன். சனிக்கிழமை வந்தாரு. பின் சீட்டுல ரெண்டு பிள்ளைங்க சண்டை பிடிக்குது, மகள் முன்னால இருந்து அதட்டுறாங்க. கார் உள்ளுக்கு ஒரே அமளி. சேர் மட்டும் இறங்கி என் பக்கத்துல நின்னாரு. ஒவ்வொரு நட்டா டோர்க் ஸ்பேனர வச்சேன். இருபது தடவை டிக்குன்னுச்சு. ஒண்ணு கூட அசையல.

"இனி வரத் தேவையில்லைத்தானே, பிள்ளை?"

அடுத்த கிழமை ஒருக்கா வாங்க சேர், பாத்துக்குவோம்னு நான் சொல்லியிருக்கலாம். அவரும் வந்திருப்பாரு. வாய் வரைக்கும் வந்துச்சு.

"தேவையில்ல சேர். இனிப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடின பிறகு டயர முன்னுக்குப் பின்னா இடம் மாத்திப் போட வந்தாப் போதும்."

தலையாட்டிட்டுப் போனாரு.

இப்ப வேலைக்கு வந்திருக்கிற உங்களுக்கு நான் சொல்றது ரெண்டுதான். நட்டோட அடியையும் ரிம்மோட பள்ளத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்காம எந்தச் சக்கரத்தையும் பூட்டாதீங்க. சத்தம் கேக்குதுன்னு ஒருத்தர் சொன்னா, அவரு எப்படிப்பட்ட ஆள்னு யோசிக்காதீங்க. அவரு வீட்டுல யார் இருக்கா, யார் இல்லைங்கிறதெல்லாம் நம்ம வேலை இல்ல. சத்தத்தத் தேடுங்க.

மகளும் பிள்ளைங்களும் மூணு கிழமையில திரும்பிப் போயிட்டதாக் கேள்விப்பட்டேன். சேர் கடைப் பக்கம் வரல. சத்தம் இல்லாத கார எதுக்குக் கொண்டு வரணும். அவரு மாசத்துக்கு ஐநூறு கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். பத்தாயிரம் ஓட எவ்வளவு காலமாகும்னு ஒருநாள் பிளேன்டீய வச்சுக்கிட்டு கணக்குப் போட்டுப் பாத்தேன். இருபது மாசம்.