மாற்றாமல் விட்ட வரி

வீடு மாற்றுவதற்காக அலமாரியைக் காலி செய்தபோது, கல்லூரி அடையாள அட்டைக்கு அடியில் ஒரு பென்டிரைவ் கிடந்தது. அதில் ஒரே ஒரு கோப்புதான் திறந்தது. முந்நூறு வரி தேறாத ஒரு நிரல். கடைசி வருட ப்ராஜெக்டுக்காக நானும் என் தோழியும் சேர்ந்து செய்த விளையாட்டு அது. படம் கிடையாது, சத்தம் கிடையாது, எழுத்து மட்டும்தான். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று திரை நாலு வரியில் சொல்லும், என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கும், நீங்கள் பதில் தட்டினால் கதை நகரும். அந்த நிரலின் நடுவில், ஒரு வரிக்கு மேலே, அவள் எனக்காக எழுதி வைத்த குறிப்பு அப்படியே இருந்தது: 'இது அப்பாவோட எடம். குடுக்கறதுக்கு முன்னாடி மாத்தணும். மறக்காதே.' இப்படிப்பட்ட குறிப்புகளைக் கணினி தாண்டிப் போய்விடும். அவை மனிதர் படிப்பதற்காக எழுதப்படுபவை. நான் படித்தேன் என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

நான் கூடுவாஞ்சேரி. மின்சார ரயிலிலும் பேருந்திலும் வளர்ந்தவள். அவள் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம். விளையாட்டின் திட்டத்தை முதலில் போட்டது நான்தான். ஒரு பாழடைந்த பங்களா, ஒன்பது அறை, ஒவ்வொரு அறைக்கும் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு வாசல். எந்த அறையிலிருந்து எந்த அறைக்கு வழி என்று நிரலில் ஒரு பட்டியல் எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அவள் என் நோட்டில் இருந்த ஒன்பது கட்டங்களையும் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, வூடு புரோக்கர் கேம் மாதிரி கீது," என்றாள். படகில் போகலாம் என்றாள். கடலில் அறை ஏது, வாசல் ஏது, எதை வைத்துப் பட்டியல் போடுவது என்று நான் மடக்கினேன். அவள் சிரிக்கவில்லை. பேனாவை வாங்கிக் கரையை ஒரு கோடாக இழுத்தாள்.

கரையில் முன்னும் பின்னுமாக நிற்கும் இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று மறைத்தால், படகு ஒரு நேர்கோட்டில் இருக்கிறது. வேறு இரண்டு பொருள்களும் அதே நேரத்தில் மறைத்தால், அது இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் நாம் இருக்கிறோம். கடலில் இடத்துக்கு இதுதான் விலாசம். அன்றைக்கு நான் அசந்துபோய்விட்டேன். அறைகளின் பட்டியலைத் தூக்கிப் போட்டோம். விளையாடுபவர் படகைத் திருப்பத் திருப்ப, கரையில் எது எதை மறைக்கிறது என்று திரை சொல்லும்படி நிரலை எழுதினோம். சரியான இரண்டு ஜோடியைக் கண்டுபிடித்துத் தட்டினால், கடலுக்கடியில் மீன் அடையும் கல்மேடு கிடைக்கும். அதை அவள் ஊர் மீனவர்கள் பாரு என்பார்கள். தப்பாகத் தட்டினால் வரும் பதிலை அவளே எழுதினாள்: 'இங்க ஒண்ணும் இல்ல. தண்ணி தான். வூட்டுக்குப் போ.' சோதித்துப் பார்க்கும்போதெல்லாம் வேண்டுமென்றே தப்பாகத் தட்டி அந்தப் பதிலை வரவைத்துச் சிரிப்போம்.

சோதிப்பதற்குச் சரியான விடை ஒன்று வேண்டியிருந்தது. அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு, அப்பா தூண்டில் போடும் பாருவுடைய அடையாளத்தையே தட்டினாள். ஒரு ஓட்டலின் தண்ணீர்த் தொட்டி கலங்கரை விளக்கத்தை மறைக்க வேண்டும், வடக்கே ஒற்றைப் பனை கோயில் கோபுரத்தின் மேல் ஏறி நிற்க வேண்டும். "எங்கப்பா இத ஜிபிஎஸ்ல கூட ஏத்தல. செல்போன வாங்கிப் பாத்துடுவானுங்கனு. எங்க சித்தப்பாவுக்கே தெரியாது. இப்போதைக்கு வையி, கடைசில மாத்திக்கலாம்," என்றாள். அந்தப் பக்கத்தில் யாரும் தன் பாருவைச் சொல்லமாட்டார்கள். எங்கே பிடித்தாய் என்று கேட்டால் கடலில் என்பார்கள். அதையும் அவளே சொல்லியிருந்தாள். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று எதுவும் இல்லை.

மாற்ற வேண்டிய வேலையை நான்தான் ஏற்றுக்கொண்டேன். உட்கார்ந்தும் பார்த்தேன். ஒரு பள்ளிக்கூடம், ஒரு சவுக்குத் தோப்பு என்று நானாக எதையோ வைத்துக் கோடு இழுத்தால், கோடுகள் கடலுக்குப் பதில் ஊருக்குள் போய் வெட்டிக்கொண்டன. இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் சரியாக வந்திருக்கும். அதற்குள் எங்கள் ப்ராஜெக்டைப் பார்வையிடும் மேடம் விளையாடிப் பார்த்துவிட்டு, "அந்தத் தொட்டியும் பனைமரமும் கற்பனையில வராதும்மா. எப்படி யோசிச்சே?" என்று கேட்டார். நானாக யோசித்தேன் மேடம் என்றேன். தோழி அன்று வரவில்லை. அந்தப் பாராட்டை இழக்க எனக்கு மனம் வரவில்லை. வரியை அப்படியே விட்டேன். கோப்பை ஒரு பிரதி எடுத்து, மேலே இருந்த குறிப்பை மட்டும் அதில் அழித்துவிட்டுக் கொடுத்தேன்.

அதோடு நின்றிருந்தால்கூட அது மேடத்தின் கணினியில் தூங்கியிருக்கும். கல்லூரிப் போட்டியில் அதற்கு முதல் பரிசு வந்த தலைகால் புரியாத சந்தோஷத்தில், யார் வேண்டுமானாலும் விளையாடலாம் என்று இணையத்தில் ஏற்றி, லிங்கை வாட்ஸ்அப்பில் போட்டேன். தமிழில் விளையாட்டு, அதுவும் படகு, கடல் என்றதும் அது எங்கள் வகுப்பைவிட வேகமாகக் கடற்கரைக் குப்பங்களில்தான் பரவியது. அந்த அடையாளம் உலகத்தில் யாருக்குப் புரியுமோ, சரியாக அவர்கள் கைக்கே போய்ச் சேர்ந்தது. பக்கத்துக் குப்பத்துப் பையன்கள் இரண்டு நாளில் விடையைக் கண்டுபிடித்தார்கள். மூன்றாம் நாள் காலை அவள் அப்பா போனபோது அந்த இடத்தில் நாலு படகு நின்றது. தூண்டில் போடும் இடத்தில் அவர்கள் வலை போட்டார்கள். வலை கல்லில் மாட்டிக் கிழிந்தது. கிழிந்ததை அங்கேயே விட்டு அடுத்த வலை போட்டார்கள். மாதம் ஒன்று போவதற்குள் பாரு முழுக்கச் செத்த வலைதான் போர்த்திக் கிடந்தது. மீன் விலகிவிட்டது.

அவள் கணினி அறைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மறந்துவிட்டேன் என்று சொன்னேன். அவள் நான் கொடுத்த கோப்பைத் திறந்து அந்த வரிக்குப் போனாள். "மறந்துட்டவ, மேல இருந்த குறிப்ப மட்டும் எப்பிடிடி அழிச்சே?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

ஒரு வாரம் கழித்து, மன்னிப்புக் கேட்கலாம் என்று அவள் வீட்டுக்குப் போனேன். அவள் உள்ளேயே இருந்துவிட்டாள். அவள் அப்பா வாசலில் தூண்டில் கயிற்றைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். அடையாளத்தைத் தானே யாரிடமோ உளறிவிட்டதாக அவள் வீட்டில் சொல்லியிருக்கிறாள் என்பது அவர் பேச்சில்தான் தெரிந்தது. என் பெயர் அங்கே வரவே இல்லை. "அது வாய் அப்பிடி, சின்னதுலருந்தே நிக்காது. நீ ஒண்ணும் மனசுல வெச்சிக்காதம்மா," என்று எனக்கே ஆறுதல் சொன்னார். பிறகு, "மார்க்கு நல்லா போட்டாங்களா?" என்று கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நல்லா போட்டாங்கப்பா என்றேன். நான்தான் செய்தேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவர் மனைவி டீ கொண்டுவந்தார். குடித்துவிட்டுப் பேருந்து ஏறிவிட்டேன்.

அதற்குப் பிறகு அவளோடு பேச்சு இல்லை. அவள் அப்பா இப்போது இன்னொருவர் படகில் கூலிக்குப் போகிறார் என்று ஒரு வகுப்புத் தோழன் சொன்னான். எனக்கு அந்த விளையாட்டைக் காட்டித்தான் முதல் வேலை கிடைத்தது. இணையத்திலிருந்து அதை எப்போதோ எடுத்துவிட்டேன், எடுத்து என்ன, அந்த விடை வெளியே போய் வருடங்கள் ஆகின்றன.

அன்று அலமாரியை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அவள் குறிப்பைத் தொடவில்லை. அதன் கீழே இருந்த வரியை மாற்றினேன். தொட்டிக்குப் பதில் எங்குமே இல்லாத ஒரு மணிக்கூண்டு, பனைக்குப் பதில் எங்குமே இல்லாத ஒரு ஆலமரம். கோடுகள் கடலில் வெட்டிக்கொள்ளும்படி கணக்குப் பார்த்து வைத்தேன். முக்கால் மணி நேரம்தான் ஆயிற்று. பிறகு விளையாட்டை ஓட்டி, படகைக் கொண்டுபோய், பழைய விடையைத் தட்டினேன். தண்ணீர்த் தொட்டி, கலங்கரை விளக்கம், ஒற்றைப் பனை, கோபுரம். திரையில் அவள் எழுதிய பதில் வந்தது.

'இங்க ஒண்ணும் இல்ல. தண்ணி தான். வூட்டுக்குப் போ.'