சாம்பார் அண்டாவின் இரண்டு காதுகள்

ஓசூர் கம்பெனி கேன்டீனில் கொதிக்கிற சாம்பார் அண்டாவை நானும் கூட வேலை செய்யும் மஞ்சுளாவும் ஆளுக்கொரு காதைத் துணி சுற்றிப் பிடித்துத் தூக்கிப் போவோம். அன்று பாதி வழியில் என் விரல்கள் நழுவின. சொன்னால், இந்தக் கிழவிக்கு முடியவில்லை என்று வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்று பயம். சொல்லாவிட்டால் இரண்டு பேர் காலும் வெந்துபோகும். அதிர்ந்து பேசியே பழக்கமில்லாத நான், "இறக்குடி!" என்று கத்திவிட்டேன்.

அண்டா தரையில் அமர்ந்தது.

மஞ்சுளாவின் முகம் வெளுத்திருந்தது. "முன்னாடியே கத்துறதுதானே யக்கா! என் கை எப்பவோ உட்டுப்போச்சு. நீ கம்முனு வர்றியேன்னு நானும் பல்லைக் கடிச்சிக்கினு வந்தேன்" என்றாள்.

வேலை போய்விடுமோ என்ற பயம் இன்னும் போகவில்லை. ஆனால் இப்போதெல்லாம் கைக்கு முடியுமா என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்ட பிறகுதான் இருவரும் அண்டாவைத் தொடுகிறோம்.