நட்சத்திரம் வெடிப்பதற்குப் பூக் கேட்டது

என் மகளுக்கு ஜப்பானில் வேலை கிடைத்தது. மூன்று வருடத்துக்கு. என்ன வேலை என்று கேட்டால் எனக்கு இன்னும் சரியாகச் சொல்ல வரவில்லை. மலைக்கடியில் ஒரு சுரங்கம், அதற்குள் பெரிய தண்ணீர்த் தொட்டி. வானத்தில் நட்சத்திரம் வெடித்தால் அந்தத் தொட்டிக்குள் தெரியுமாம். வானத்தைப் பார்க்க எதற்கு மண்ணுக்குள் போகிறாய் என்று கேட்டேன்.

"வெடிக்கறப்ப நியூட்ரினோன்னு ஒரு துகள் கிளம்புமுங்கம்மா. வெளிச்சத்துக்கு முன்னாடியே வந்துரும். மலை, மண்ணு, நீங்க, நானு, எதுலயும் முட்டாம உள்ள பூந்து போயிரும். எங்கியோ ஒண்ணு ரெண்டு தண்ணியில முட்டி மினுக்குன்னு காட்டும். மத்தத் துகளையெல்லாம் மலை தடுத்துருமுங்க."

"சரி, எப்ப வெடிக்கும்?"

"தெரியாதுங்க. நாளைக்கே வெடிக்கலாம். எங்க காலத்துல பக்கத்துல எதும் வெடிக்காமயும் போகலாம்."

நான் பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவள். சுற்றி முடித்தால் மோட்டார் ஓட வேண்டும். நடக்குமா என்றே தெரியாத ஒன்றுக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கிறார்கள் என்பது என் மண்டையில் ஏறவேயில்லை. அவள் அப்பா இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை; வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். என்னைத் தனியாக விட்டுப் போவதா என்று அவளும் குழம்பினாள். கடைசியில், "கோயில்ல பூக் கேளுங்கம்மா. வேண்டாம்னு வந்தா நான் போகலீங்க" என்றாள். இவ்வளவு படித்துவிட்டுப் பேசுகிற பேச்சா இது என்று எரிச்சல் வந்தது. நிம்மதியாகவும் இருந்தது.

சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை அரளி ஒரு பொட்டலம். எது போவதற்கு, எது இருப்பதற்கு என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு, சாமி முன்னால் வைத்து ஒன்றை எடுக்க வேண்டும். ஒரே காரியத்துக்கு இரண்டாம் தடவை கேட்கக் கூடாது.

நானும் நினைத்துக்கொண்டுதான் நின்றேன். நினைத்த கையோடு, அந்தத் துகள் இப்போது இந்தப் பொட்டலத்துக்குள்ளும் புகுந்து போய்க்கொண்டிருக்குமோ என்று ஒரு யோசனை ஓடியது. அதே யோசனையோடு எடுத்தேன். பூசாரி பிரித்தார். சிவப்பு.

"ஏனுங்க அம்மணி, நினைச்சது ஆச்சுங்களா?"

சிவப்புக்கு என்ன நினைத்தேன் என்பது சுத்தமாக மறந்துபோயிருந்தது. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து உள்ளதை உள்ளபடி சொன்னேன். மகள் சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"பொட்டலத்தைப் பிரிச்சப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சுங்க?"

"நெஞ்சு திக்குன்னுச்சு கண்ணு."

"அப்பச் சிவப்புன்னா நான் போறதுன்னுதான் நெனச்சிருக்கீங்க."

அவள் கண்டுபிடித்தது அப்படி. வருகிறேன் என்று மறுநாளே ஜப்பானுக்கு எழுதிப்போட்டாள். இருப்பதற்கான பூ வந்திருந்தாலும், என்னால் இவள் வேலை போயிற்றே என்று அப்போதும் திக்கென்றுதான் இருந்திருக்கும். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.