சாரல் காலத்துக்கு ஒரு பிளக்

என் வீட்டுக்காரர் ஸ்பார்க் பிளக்கைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். நான் ஒரு வார்த்தை கேட்டால் பதில் வராது. இலஞ்சியில் நாங்கள் இரண்டே பேர் இருந்த வீட்டில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில், ஏறக்குறைய ஒரு வருஷம் இப்படித்தான் கழிந்தது.

காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். வடகரையில் என் அப்பா எனக்கென்று கொடுத்த வயலை விற்றுத்தான் அந்தக் கறுப்புக் காரை வாங்கினார். நெல்லில் ஒன்றும் மிஞ்சவில்லை, தென்காசி ஸ்டேஷனில் வண்டியை வாடகைக்கு விட்டால் குற்றால சீசன் ஒன்றே போதும் என்றார். நானும் கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு ஒரு வாரம் வாய் ஓயாமல் திட்டினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அது ஊருக்கே தெரியும். அந்த ஒரு வாரத்தில் மனுஷருக்கு மனசு விட்டுப்போய், இனி இவளோடு என்ன பேச்சு என்று முடிவு கட்டிவிட்டார் என்பது என் எண்ணம்.

அடுப்படியிலிருந்து "வெந்நி போட்டாச்சு, குளிக்க வாங்க" என்பேன். அசையமாட்டார். பின்னால் போய் நின்று "ராத்திரிக்குத் தோசையா, சோறா?" என்பேன். துடைத்துக்கொண்டிருக்கும் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருப்பார். முகத்துக்கு நேரே போய்க் கேட்டால் மட்டும் "ம்" என்று ஒன்று வரும். சரி, உங்களுக்கு அவ்வளவு வீம்பு என்றால் எனக்கும் உண்டு என்று நானும் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். படுத்த பிறகுதான், இப்படியே காலம் முழுக்கவா என்று இருக்கும்.

அந்த வருஷம் சாரல் நன்றாக விழுந்தது. கூட்டமென்றால் அப்படிக் கூட்டம். ரயிலில் வந்து இறங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு மெயினருவி, அங்கிருந்து ஐந்தருவி, திரும்ப ஸ்டேஷன் என்று வண்டி நாள் முழுக்க ஊர்ந்தது. ஓடவில்லை, ஊர்ந்தது. எண்ணெய்த் தலையும் ஈரத்துண்டுமாக ஜனங்கள் நடுரோட்டில் நடந்தால் கார் எங்கே ஓடும்? இரண்டு நாளைக்கு ஒருதரம், இஞ்சினுக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கிற பிளக்கெல்லாம் கரியடைத்துப் போகும். ஐந்தருவி ஏற்றத்தில் வண்டி விக்கி விக்கி நிற்கும். குளித்துவிட்டு வந்தவர்கள் இறங்கித் தள்ளி, வேர்த்துப்போய், மறுபடியும் அருவிக்கே போனார்கள் என்று வாடகைக் கார் ஸ்டாண்டில் கேலி பேசினார்களாம். அவருக்கு மானம் போயிற்று.

மெக்கானிக்கிடம் விடமாட்டார். எல்லாம் தானே செய்ய வேண்டும். வாசலில் தென்னைக்கடியில் வண்டியை நிறுத்தி பானெட்டைத் திறப்பார். நான் குடை பிடிக்க வேண்டும். ஒரு தகர மூடியில் நான்கு பிளக்கையும் கழற்றி வைத்து, பெட்ரோல் தொட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே பேசுவார்.

"வண்டிப் புத்தகத்துல போட்டிருக்க பிளக்கு நல்ல பிளக்குதான். ஆனா அது பாளையங்கோட்டை ரோட்டுல பறக்குத வண்டிக்கு. நாம அருவிக்கரையில ஊருதோம். பிளக்கு சூடேறவே மாட்டேங்கு. சூடேறினாத்தான கரி தானா எரியும்? நமக்கு வேண்டியது சூட்ட உள்ளயே வச்சிக்கிடுத பிளக்கு."

"அப்பம் அத வாங்கிப் போடுங்களேன்" என்றேன் பின்னாலிருந்து. பதில் இல்லை. என்னிடம் இல்லை, பிளக்கிடம்தான் சொன்னார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

திருநெல்வேலிக்குப் போய் அப்படி ஒரு செட் வாங்கி வந்தார். அடுத்தது கேப். பிளக்கின் நடு முனைக்கும் அதன் மேல் வளைந்து நிற்கும் கம்பிக்கும் இடையில் இருக்கிற சந்துதான் கேப். அதில்தான் பொறி தாண்ட வேண்டும். அந்த இடைவெளியை அளக்க ஸ்டாண்டில் ஒருத்தர் பழைய பிளேடை வைத்துப் பார்ப்பார், இன்னொருத்தர் போஸ்ட் கார்டை. இவரிடம் மெல்லிய எஃகுத் தகடுகள் கோத்த கேஜ் ஒன்று இருந்தது. ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குக்குப் பெயர் தௌ. புத்தகத்தில் இருபத்தைந்து தௌ என்று போட்டிருந்தது.

"சாரல்ல வயரு, பிளக்கு மூடி எல்லாம் நமுத்துக் கெடக்கு. இருபத்தஞ்சுன்னா பொறி தாண்டத் தயங்குது. கொஞ்சம் நெருக்கணும். அதுக்காக ரொம்ப நெருக்கினா நிக்கும்போது வண்டி விக்கும்."

இருபது வைத்துப் பார்த்தார். இருபத்துமூன்று வைத்துப் பார்த்தார். கடைசியில் இருபத்திரண்டு. ஒவ்வொரு தடவையும் ஸ்டார்ட் செய்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். ஒரு வாரம் ஓட்டிவிட்டுக் கழற்றினால், பிளக் முனையெல்லாம் பிஸ்கட் நிறத்தில் இருந்தது. கரி ஒரு பொட்டு இல்லை. ஆறு பேரை அடைத்துக்கொண்டு ஐந்தருவி ஏற்றத்தில் ஒரே மூச்சாக ஏறியது. அந்த விஷயத்தில் அவரை ஒரு குறை சொல்ல முடியாது. எனக்கே பெருமையாகத்தான் இருந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு ஒரு புதுப் பேச்சு ஆரம்பித்தது. இந்தப் பிளக் போட்டதிலிருந்து இஞ்சினில் சத்தமே இல்லையாம். "ஓடுதா நிக்குதான்னே தெரியல. முந்தி மேல டக்கு டக்குன்னு ஒரு அடி அடிக்கும்லா, அது எங்க போச்சுன்னே தெரியல. பிளக்குன்னா இது பிளக்கு!" ஸ்டாண்டிலும் பார்ப்பவர்களிடமெல்லாம் இதே பேச்சு. எனக்குச் சிரிப்பாக வந்தது. வண்டி வாய்க்கால் பாலம் தாண்டும்போதே எனக்கு இங்கே கேட்கும், அதே டக்கு டக்கு. ஆம்பளைகளுக்குத் தாங்கள் வாங்கிய சாமான் என்றால் அதில் ஒரு பவிசு, சவம் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. தூறல் விட்டு விட்டு விழுந்துகொண்டிருந்தது. வழக்கம்போல பிளக்கைத் துடைத்து, கேப் பார்த்து, திரும்ப மாட்டினார். ஸ்டார்ட் செய்தார்.

அம்மாடி! "சிக்கு சிக்கு சிக்கு" என்று அப்படி ஒரு சத்தம். தென்னையில் இருந்த காக்காயெல்லாம் எழுந்து பறந்தது. அவரோ சந்தோஷமாக இறங்கி வந்து, "ஏட்டி, இங்கன வந்து கேளு. சத்தம் இருக்கா? பட்டு மாதிரி ஓடுது பாத்தியா" என்றார்.

கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. குனிந்து பார்த்தால் மூன்றாவது பிளக்கைக் கையால் திருகியதோடு விட்டிருக்கிறார், ஸ்பானர் போட்டு இறுக்க மறந்துவிட்டார். அது ஆடிக்கொண்டு காற்றைத் துப்புகிறது. அந்தச் சத்தம்தான் அது. அதைப் பக்கத்தில் நின்றுகொண்டு பட்டு என்கிறார் மனுஷர்.

எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. இஞ்சினை நிறுத்திவிட்டு அவர் கீழே உட்கார்ந்து ஸ்பானர்களைப் பையில் போட ஆரம்பித்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். சாதாரணமாகப் பேசுகிற குரலில், "நான் எங்க அப்பா வீட்டுக்குப் போறேன். இனிமே வரமாட்டேன்" என்றேன்.

அவர் ஒவ்வொரு ஸ்பானராகத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இதைச் சொல்லக்கூடாது, ஆனால் அதுதான் நிஜம். ஒரு மனுஷனுக்குக் காது மந்தமாகிவிட்டது, அவன் பெண்டாட்டி சந்தோஷப்படுகிறாள்! இவர் என்னை ஒதுக்கவில்லை, வெறுக்கவில்லை, அவ்வளவுதான் எனக்கு அப்போது தோன்றியது. அப்புறம்தான் பயம் வந்தது. செங்கோட்டைக்கு அப்பால் மலைப்பாதையில் கூடச் சவாரி போகிறவர் அவர்.

வாயால் சொல்லி ஆகப்போவதில்லை. தோளைத் தொட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லிச் சைகை காட்டினேன். ஆசையாகப் போய்ச் செய்தார். வந்ததும் அவர் கையைப் பிடித்து அந்த மூன்றாவது பிளக்குக்கு மேலே கொண்டுபோனேன். காற்று சூடாக உள்ளங்கையில் அடித்திருக்க வேண்டும், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். உடனே இஞ்சினை நிறுத்தினார். ஸ்பானரை எடுத்து இறுக்கினார்.

"எழவு, இறுக்காம விட்டிருக்கேன். இது லூசா இருந்தா சத்தம் வருமே" என்றார்.

அவர் முகத்துக்கு நேரே போய் நின்று நிதானமாகச் சொன்னேன். "வந்துது. தெருமுனை வரைக்கும் கேட்டுது."

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வண்டியின் ஃபுட்போர்டில் மெள்ள உட்கார்ந்தார். குடையை அவர் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வளைவுல லாரிக்காரன் ஹாரன் அடிச்சிருப்பானே" என்றார். "ஜனங்கள பிள்ளைகுட்டியோடல்லா ஏத்திக்கிட்டுப் போனேன்." சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "இத உள்ள கொண்டு வை. இன்னைக்கு ஸ்டாண்டுக்குப் போகல."

நான் நகரவில்லை. அவர் தலையைத் தூக்கி, வேறு என்னவோ நினைத்துக்கொண்டவர் போல என்னைப் பார்த்தார்.

"அப்பம் நீ பேசிக்கிட்டுத்தான் இருந்தியா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"வயல வித்த கோவத்துல எங்கிட்ட பேச்ச நிப்பாட்டிட்டன்னுல்லா நெனச்சேன். சரி, மனசு ஆறட்டும், ஆறினா அவளே பேசுவான்னு இருந்தேன். வீடு ஒரேடியா ஊமையா கெடக்கப்பிடாதேன்னுதான் நானா பிளக்கு, கேப்புன்னு எதையாவது பேசிக்கிட்டு இருந்தேன்."

குடையைக் கீழே போட்டுவிட்டேன். ஒரு வருஷமாக அடக்கி வைத்ததெல்லாம் மொத்தமாக வந்தது. "அட கூறுகெட்ட மனுஷா!" என்று கத்தினேன். கட்டிய புருஷனை அப்படி ஒரு வார்த்தை நான் சொன்னதே இல்லை. எதிர்வீட்டு அண்ணாச்சி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன்.

இவர் கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு, என் பக்கமாக இன்னும் கொஞ்சம் சாய்ந்தார்.

"இது கேட்டுது. இன்னொருக்க திட்டு" என்றார்.